ஓசூருக்குக் கேட்காத ‘ம்’

எங்கள் தெருவில் அந்த வீட்டுக்குப் போன் வீடு என்றுதான் பெயர். மதுரையில் மகாலுக்குப் பின்பக்கம், ஒரு ஆட்டோ நுழைந்தால் எதிரே வரும் சைக்கிள் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய தெரு அது. தொண்ணூறுகளின் நடுவில் அந்தத் தெருவுக்கே ஒரே ஒரு போன். சுங்குடிச் சேலை வியாபாரம் செய்த சௌராஷ்டிரக் குடும்பம் ஒன்று எழுதிப் போட்டு, வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கியது. முன்ஹாலில் ஒரு முக்காலி, முக்காலி மேல் பச்சைக் கலர் போன், போன் மேல் பூப்பின்னல் போட்ட துணி. டயலில் ஒரு குட்டிப் பூட்டு தொங்கும். சாவி அந்த வீட்டு அக்காவின் இடுப்பில் இருக்கும்.

பூட்டு, வெளியே போகிற போனுக்கு மட்டும்தான். உள்ளே வருகிற போன் தெருவுக்கே பொது. எங்கள் தெருக்காரர்கள் அச்சடித்த கல்யாணப் பத்திரிகை அத்தனையிலும் அந்த நம்பர்தான் இருக்கும், பக்கத்தில் பி.பி. என்று போட்டிருக்கும். பி.பி. என்றால் என்ன விரிவு என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. இது எங்கள் போன் இல்லை, ஆனால் கூப்பிட்டால் ஓடி வந்துவிடுவோம் என்று அதற்கு அர்த்தம் வைத்திருந்தோம். டெய்லர் கடை பில்லில் பி.பி. குருக்கள் வீட்டு விசிட்டிங் கார்டில் பி.பி. என் அப்பா தன் ஆபீசில் வீட்டுத் தொலைபேசி என்ற இடத்தில் அந்த நம்பரைக் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டு, பி.பி.யை மட்டும் கொசு சைஸில் போட்டிருந்தார்.

முறை என்னவென்றால், வெளியூரிலிருந்து கூப்பிடுகிறவர் யார் வேண்டும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட வேண்டும். அக்கா வாசலுக்கு வந்து, “டீச்சரக்கா, சிவகாசி!” என்று குரல் கொடுப்பாள். ஆள் பெயரை விட ஊர்ப் பெயர்தான் முக்கியம். டீச்சர் ஒரு பக்கம் பின்னல் போட்டும் போடாமலும் ஓடி வருவார். ஐந்து நிமிஷத்தில் சிவகாசி மறுபடி கூப்பிடும். அதற்குள் ரெண்டு ஜன்னல் திறந்து, “யாரு டீச்சர், தம்பியா? எல்லாரும் நல்லாருக்காகளா?” என்று கேட்டு முடித்திருப்பார்கள். அந்தத் தெருவில் தனக்கு மட்டும் வந்த செய்தி என்று எவருக்கும் எதுவும் இருந்ததில்லை. ஒருவருக்கு வேலை கிடைத்தால் தெருவே பல்லைக் காட்டும். ஒருவருடைய மாமியார் ஊரிலிருந்து கிளம்பிவிட்டாள் என்றால் தெருவே உச்சுக் கொட்டும்.

இப்போது என் மகள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மணிக்கணக்காகப் போனில் பேசுகிறாள். நான் வெளியே காதைத் தீட்டிக்கொண்டு நின்றாலும் ஒரு எழுத்தும் கேட்பதில்லை. எனக்கு அவள் மேல் கோபம் இல்லை, சுத்தமான பொறாமைதான். ஆனால் கொஞ்சம் பாவமாகவும் இருக்கிறது. அவள் பேசுவதைக் கேட்டு மகிழ ஒரு தெரு இல்லை. எனக்கு இருந்தது. அந்தத் தெரு என் கல்யாணத்தையே ஒரு வாரம் அந்தரத்தில் தொங்கவிட்டது.

எங்களுடையது பெற்றோர் பார்த்துப் பேசி முடித்த கல்யாணம். பெண் பார்த்தது திருப்பரங்குன்றத்தில். அந்தக் காலத்தில் நல்ல குடும்பங்கள் அப்படித்தான் செய்யும். வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் பெண்ணுக்கு அவமானம் என்பதால், ரெண்டு குடும்பமும் சாமி கும்பிட வந்ததுபோல வந்து, மண்டபத்தில் தற்செயலாகச் சந்தித்துக்கொள்ளும். மாப்பிள்ளை வீட்டார் பேரையூர்க்காரர்கள். மாப்பிள்ளைக்கு ஓசூரில் கம்பெனி வேலை. என் அம்மா, “அடடே, நீங்களும் இன்னிக்குத்தான் வந்தீகளா!” என்று நடித்த நடிப்பில் கோயில் யானையே திரும்பிப் பார்த்தது. நான் பட்டுச் சேலையில் வேர்த்து வடிந்துகொண்டு தரையைப் பார்த்தேன். அதனால் அவர் முகத்தைவிடப் பாதத்தைத்தான் நான் முதலில் பார்த்தேன்.

கும்பிட்டு முடித்து வெளியே வந்தால் மாப்பிள்ளையின் செருப்பைக் காணோம். புதுச் செருப்பு. பெண் பார்க்கவென்றே வாங்கியிருப்பார் போல. நடுப்பகல், தார் ரோடு கொதிக்கிறது. வேறு ஆளாக இருந்தால் பத்துப் பேரிடம் விசாரித்து அமர்க்களம் பண்ணியிருப்பார். இவர் ஒன்றுமே நடக்காததுபோல என் அப்பாவோடு பேசியபடி பஸ் ஸ்டாப் வரைக்கும் வெறுங்காலோடு நடந்தார். மேல் பாதி உடம்பு, “ஆமா மாமா, ஷிப்ட் டூட்டிதான் மாமா” என்று மரியாதையாகப் பேசுகிறது. கீழ்ப் பாதி டிங்கு டிங்கென்று குதிக்கிறது. ஒவ்வொரு கடை நிழலிலும் ஒரு வினாடி நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி குதிக்கிறது. நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். அவர் திரும்பிப் பார்த்துவிட்டார். பார்த்தவர் தானும் சிரித்துவிட்டார். அவ்வளவுதான், எனக்கு அந்த ரோட்டிலேயே பிடித்துப் போயிற்று. இந்த ஆளைத் தவிர வேறு யாரையும் கட்டிக்கொள்ளப் போவதில்லை என்று தேங்காய்க் கடை முன்னால் முடிவு பண்ணினேன்.

அதை அவரிடம் சொல்லத்தான் வாய்ப்பில்லை. ஆவணியில் நிச்சயம் செய்து, தையில் கல்யாணம் என்றார்கள். நிச்சயத்தன்று அவர் சபையில் எல்லார் முன்னாலும், “மாமா, போன் நம்பர் எதுவும் இருக்கா?” என்று கேட்டுவிட்டார்.  அப்பா என்னமோ தன் தாத்தா காலத்திலிருந்தே போன் இருப்பதுபோல நம்பரை மனப்பாடமாக ஒப்பித்தார். கடைசியில் ரொம்ப மெல்ல, “பி.பி.” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வெளியூர்ப் பேச்சுக்குக் கட்டணம் குறைவு. அதனால் காதல், வியாபாரம், கருமாதி எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திப்போடப்பட்டு, எஸ்.டி.டி. பூத்து வாசல்களில் வரிசை கட்டி நிற்கும். முதல் ஞாயிறு காலை பத்து மணி வாக்கில் அக்காவின் குரல் தெருவைக் கிழித்தது. “ஏ புள்ள, ஓசூரு! ஓசூரு வந்துருச்சு!” நான் ஓடினேன். அதற்குள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்பதை ஜன்னல்கள் சொல்லின.

போன் வீட்டு ஹாலில்தான் தெருவின் ஒரே கலர் டிவியும் இருந்தது. ஞாயிறு காலை என்றால் பெரியவர், சின்னவர் என்று ஹால் நிறைய ஆள். நான் உள்ளே நுழைந்ததும் அவர்கள் எனக்கு ஒரு பெரிய மரியாதை செய்தார்கள். டிவியை நிறுத்தினார்கள். டிவி ஓடியிருந்தாலாவது அந்தச் சத்தத்தில் ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன். இப்போது மின்விசிறி மட்டும் கிறீச் கிறீச்சென்று சுற்ற, பதினைந்து பேர் என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நாகரிகம் தெரிந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள், காதை மட்டும் என் பக்கம் வைத்துக்கொண்டு.

போன் மணி அடித்தது. எடுத்தேன்.

“சாப்ட்டியா?” என்றார்.

“ம்.”

“என்ன சாப்பாடு?”

“இட்லி.”

போனுக்குப் பக்கத்து நாற்காலி அக்காவின் மாமனாருக்கு உரியது. அங்கே உட்கார்ந்து பேப்பர் படிப்பது அவர் வேலை. போன் வந்தால் நடப்பதையெல்லாம் அடுப்படியில் இருக்கும் மருமகளுக்குத் தங்கள் வீட்டுப் பாஷையில் சொல்வது அதைவிட முக்கியமான வேலை. எனக்கு அந்தப் பாஷையில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் நடுநடுவே தமிழ் தலை காட்டும். இப்போது அவர் சொன்ன நீண்ட வாக்கியத்தின் நடுவில் ‘இட்லி’ என்று ஒரு சொல் வந்தது. அடுப்படியிலிருந்து அக்கா திருப்பி ஏதோ கேட்டாள். அந்தக் கேள்வியில் ‘சட்னி’ இருந்தது. பெரியவர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நான் போனைப் பொத்திக்கொண்டு, “சாம்பார்” என்றேன். அவர் திருப்தியாகத் தலையாட்டி அதையும் உள்ளே அனுப்பினார்.

இந்தச் சூழ்நிலையில் என்ன பேச முடியும்? நான் கண்டுபிடித்த வழி ‘ம்’. எந்தக் கேள்விக்கும் பொருந்தும், வாய் திறக்க வேண்டாம், பெரியவரால் மொழிபெயர்க்க முடியாது. வேலையெல்லாம் முடிஞ்சுதா? ம். அம்மா நல்லாருக்காங்களா? ம். மழையா அங்க? ம். ஞாயிறுக்கு ஞாயிறு பத்து மணிக்கு நானே காத்திருந்து போனை எடுக்க, அவர் கேட்க, நான் உம் கொட்ட, அவர் குரலில் சுருதி இறங்கிக்கொண்டே வந்தது எனக்குத் தெரியத்தான் செய்தது. இந்த மனுஷனுக்கு இட்லி தோசையைத் தவிர வேறு பேச்சே வராதோ என்று எனக்கும் லேசாக ஒரு வருத்தம். ஆனாலும் அந்தக் குரலைக் கேட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பும்போது நான் தரையில் நடந்ததாக ஞாபகம் இல்லை.

ஐப்பசி பிறந்த பிறகு ஒரு ஞாயிறு. அன்றைக்கு அப்பாவும் ஹாலில் இருந்தார். அவர் எனக்கு எதிரே உட்கார்ந்து என்னைப் பார்த்துப் பெருமையாகப் புன்னகை செய்துகொண்டிருந்தார். அந்தப் புன்னகையில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. வழக்கமான இட்லி முடிந்தது.  அப்புறம் மறுமுனையிலிருந்து வேகமாக ஒரு கேள்வி வந்தது.

“ஒண்ணு கேக்கவா? உன்னயக் கட்டாயப்படுத்தித்தான் இந்தக் கல்யாணத்துக்குச் சரின்னு சொல்ல வச்சாகளா?”

நான், “ம்” என்றேன்.

சத்தியமாக நான் சொல்லவில்லை. அது தானாக வந்தது. வாரக்கணக்கில் பழக்கப்படுத்தி வைத்திருந்த நாய்க்குட்டி, வாசலில் யார் என்று பார்க்காமலே ஓடிப்போய் வாலாட்டிவிட்டது. கேள்வி மண்டையில் ஏறுவதற்குள் பதில் ஓசூர் போய்ச் சேர்ந்துவிட்டது.

“அப்படியா,” என்றார். “நானும் அதத்தான் நெனச்சேன். நீ பயப்படாத. அடுத்த ஞாயிறு ஒரே ஒரு தடவ கூப்பிடுறேன். அன்னிக்கும் நீ இப்படித்தான் இருப்பேன்னா, நான் பேரையூரு போயி எனக்கு இஷ்டமில்லன்னு நானே அப்பாகிட்டச் சொல்லிர்றேன். உம்மேல பழி வராது. வச்சிரட்டா?”

இதற்காவது வாய் திறந்திருக்க வேண்டாமா? அப்பா எதிரே உட்கார்ந்து, “மாப்ள என்ன சொல்றாரு?” என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்கிறார். பெரியவர் பேப்பரைத் தாழ்த்திவிட்டார்.  நான் திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்க, லைன் அறுந்துவிட்டது.

இந்த இடத்தில் என் மகள் எப்போதும், “திருப்பிக் கூப்பிட வேண்டியதுதானம்மா” என்பாள். எங்கே கூப்பிடுவது? அவர் பேசுவது ஓசூரில் ஏதோ ஒரு பூத்திலிருந்து. கடிதம் போடலாம் என்றால் விலாசம் அப்பாவிடம் இருந்தது; கேட்டால் எதற்கு என்பார். மாப்பிள்ளை என்னைக் கட்டாயக் கல்யாணமா என்று கேட்டார், நான் ஆமாம் என்றேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு உயிரோடு இருக்க முடியுமா? நேரில் போகலாம் என்றால், நிச்சயமான பெண் மாப்பிள்ளையைத் தேடிப் பஸ் ஏறினாள் என்று தமிழ்நாடே பேசும். ஆக, ஒரு வாரம் முழுக்க நான் தலையில் இடி விழுந்தவளாகத் திரிந்தேன். ரசத்தில் ரெண்டு தரம் உப்புப் போட்டேன். அம்மா, “கல்யாணக் கனவுல மெதக்குறா” என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தாள்.

புதன்கிழமை தாங்க முடியாமல் போன் வீட்டு அக்காவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். மொட்டை மாடியில் சுங்குடிச் சேலைகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஈரச் சேலையைப் பிடித்தபடி முழுக் கதையையும் கேட்டாள். கேட்டு முடித்ததும் அப்படியே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பென்றால் அப்படியொரு சிரிப்பு. நான் அழுதுகொண்டிருந்தவள், எனக்கும் தொற்றிக்கொண்டது.

“ஏண்டி, அவர் என்ன கேட்டாலும் உம் கொட்டுவியா? உன் பேர்ல ஒரு வீடு எழுதி வைக்கவான்னு கேக்கச் சொல்லியிருக்கலாம்ல!” என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஞாயித்துக்கெழம எல்லாத்தையும் கூட்டிக்கிட்டு நான் திருப்பரங்குன்றம் போறேன். மாமனாரையும் சேத்துத்தான். நீ வீட்டப் பாத்துக்கிற. டிவி வயரக் கழட்டி வச்சுட்டுப் போறேன், ஒரு ஈ காக்கா உள்ள வராது. மனசுல உள்ளத அம்புட்டையும் கொட்டிரு” என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“ஒண்ணே ஒண்ணு,” என்றாள் அக்கா. “தெருக்காரங்களுக்குப் போன் வந்தா கூப்பிட்டு விட்டுரணும். இந்த வீட்ல போனெடுத்து, ஆளில்லன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. அது எங்க மானம்.”

தலையைத் தலையை ஆட்டினேன். அன்றைக்கு யார் என்ன கேட்டிருந்தாலும் ஆட்டியிருப்பேன்.

ஞாயிறு வந்தது. பெரியவர் மனசில்லாமல் குடையை எடுத்துக்கொண்டு, ரெண்டு தடவை போனைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கிளம்பினார். எனக்கு ஒரு முழு ஹால். நான் சுவரைப் பார்த்து ஒத்திகை பார்த்தேன். முதலில் நிதானமாக, பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, பிறகு இரண்டையும் கலந்து. மணி ஒன்பதரைக்கு போன் அடித்தது. பாய்ந்து எடுத்தேன்.

“சிவகாசிலருந்து பேசுறேன். அக்காவக் கூப்பிடுறீகளா?”

டீச்சரின் தம்பி. என்ன செய்வது? ஆளில்லை என்று சொல்ல ஒரு நொடி ஆகாது. ஆனால் அக்காவின் மானம். ஓடிப்போய், “டீச்சரக்கா, சிவகாசி!” என்று கத்தினேன். டீச்சர் வந்தார். தம்பி திரும்பக் கூப்பிடும்வரை உட்கார்ந்தார். பேசி முடித்த பிறகும் உட்கார்ந்திருந்தார். “வீட்ல கரண்ட் இல்ல. இங்க ஓடுதே ஃபேன்” என்றார்.

அடுத்து டெய்லருக்கு விருதுநகர். அவர் கழுத்தில் டேப்போடு வந்து, கல்யாண ஜாக்கெட் அளவு ஒன்றைப் போனிலேயே கேட்டு எழுதிக்கொண்டார். அவர் வந்தால் அவர் சம்சாரமும் வருவார். வந்தார். அதற்கடுத்து குருக்களுக்கு மேலூர். யாரோ வீட்டில் கிரகப்பிரவேசம். குருக்கள் ஈர வேட்டியோடு வந்து, ரிசீவரை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஹோமச் சாமான் சொல்ல ஆரம்பித்தார். “மஞ்சத்தூள்... எழுதிக்கோங்கோ. குங்குமம்... எழுதிண்டேளா? வெத்தல... கவுளி கணக்குல சொல்லவா?” மணி பத்தைத் தாண்டியது. ஓசூரில் ஒருவர் டயல் பண்ணிப் பண்ணி, கிடைக்காமல், பேரையூர் பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருப்பதாக எனக்கு மனக்கண்ணில் தெரிகிறது. குருக்கள் நவதானியத்தை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார். அவர் எள்ளுக்கு வந்தபோது எனக்கு உண்மையாகவே கண் இருட்டியது.

ஒருவழியாக அவர் வைத்தார். அப்போது அப்பா உள்ளே வந்தார். “மாப்ள கூப்பிடுற நேரம்லா? மண்டபம் பேசியாச்சுன்னு ஒரு வார்த்த சொல்லணும்.” அவர் பின்னாலேயே அம்மா. அம்மாவின் பின்னால், டிவி ஓடவில்லை என்ன ஆச்சு என்று பார்க்க வந்த நாலைந்து பேர். நான் தனியாகப் பேசவென்று காலி பண்ணிக் கொடுத்த ஹாலில், வழக்கமான ஞாயிற்றுக்கிழமையை விட அதிகக் கூட்டம். அத்தனை பேரையும் வாசலில் நின்று கூவி அழைத்தது நானே.

போன் அடித்தது. ஹால் கப்சிப் ஆனது.

“ஹலோ... ஹலோ... கேக்குதா?”

ராத்திரியெல்லாம் ஐப்பசி மழை. லைன் கரகரவென்று இரைந்தது. ஓசூர் ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து பேசியது.

“ம்,” என்றேன்.

“ஹலோ? ஒண்ணுமே கேக்கலயே! லைன்ல இருக்கியா?”

“ம்!”

“ஹலோ! சரி, கேக்கல போல. நான் வைக்கிறேன்.”

அந்த இரைச்சலில் ஓசூர் வரை போகிற சக்தி என் ‘ம்’முக்கு இல்லை. இது எனக்குப் புரிந்த நொடியில் அப்பா, அம்மா, டீச்சர், டெய்லர், குருக்கள் எல்லோரும் எங்கோ மறைந்துபோனார்கள். நான் எழுந்து நின்றேன். ரிசீவரை வாயோடு அழுத்திக்கொண்டு, தெருக்கோடியில் போகிற காய்கறிக்காரரைக் கூப்பிடுகிற குரலில் கத்தினேன்.

“வைக்காதீங்க! என்னய யாரும் கட்டாயப்படுத்தல! எனக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு! செருப்பு தொலஞ்ச அன்னிக்கே பிடிச்சிருச்சு!”

 மறுமுனையில் திடீரென்று படபடபடவென்று ஒரு சத்தம். லைன் மொத்தமாகப் போகிறது என்று நினைத்தேன். பயத்தில் இன்னும் சத்தமாக, “கேக்குதா? பிடிச்சிருக்குங்க! உங்களத்தான்! பேரையூருக்குப் போயி எதையும் சொல்லி வைக்காதீங்க!” என்றேன். படபட சத்தம் இன்னும் கூடியது. அதற்குள்ளிருந்து, “கேட்ருச்சு, கேட்ருச்சு” என்று அவர் சிரிப்பது கேட்டது. அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டது செருப்பு தொலைந்த அன்றைக்குப் பிறகு அன்றுதான்.  சந்தோஷத்தில் அழுகிறேனா சிரிக்கிறேனா என்று தெரியாமல் நின்றேன்.

பிறகுதான் ஹால் திரும்பி வந்தது. குருக்கள் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். டெய்லரின் சம்சாரம் டீச்சர் தோளில் முகத்தைப் புதைத்துக் குலுங்கினார். அம்மா வாயில் கை வைத்திருந்தாள். அப்பா மெதுவாக எழுந்தார். என்னிடமிருந்து ரிசீவரை வாங்கினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, எனக்கு இணையான குரலில், “மாப்ள! மண்டபம் பேசியாச்சு! திருப்பரங்குன்றத்துலயே!” என்று கத்தினார். ஒரு நொடி யோசித்துவிட்டு, “செருப்பப் பத்திக் கவலப்படாதீக! நான் வாங்கித் தாரேன்!” என்றார். எனக்கு அப்பாவைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

மத்தியானம் கோயிலிலிருந்து திரும்பிய போன் வீட்டுப் பெரியவர் நிலைகுலைந்து போனார். போன் வந்த நாளிலிருந்து ஒரு பேச்சைக்கூடத் தவறவிடாதவர், கேட்க வேண்டிய ஒரே பேச்சைத் தவறவிட்டுவிட்டார். வீடு வீடாகப் போய் விசாரித்தார். டெய்லர் சொன்னதற்கும் டீச்சர் சொன்னதற்கும் வித்தியாசம் இருக்கவே, கடைசியில் என்னையே பிடித்துக்கொண்டார். “பாப்பா, நீ மொதல்ல சொன்னது செருப்பா, பிடிச்சிருக்கா?” என்று வரிசை கேட்டார். அக்கா என்னைப் பார்க்கும்போதெல்லாம், “மெல்லப் பேசுடி, ஓசூர்ல தூங்குறவங்க எந்திரிச்சிருவாங்க” என்பாள்.

தையில் கல்யாணம். திருப்பரங்குன்றத்து மண்டபம். கும்பல். மாப்பிள்ளை வீட்டார் பேரையூரிலிருந்து ரெண்டு பஸ். ஓசூரிலிருந்து தனியாக ஒரு வேன் வந்தது. அதிலிருந்து இறங்கிய பத்துப் பன்னிரண்டு பேரையும் கம்பெனி ஆட்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அவர்கள் ஒரு தினுசாக இருந்தார்கள். ஒரு வயதான தம்பதி, ஒரு போலீஸ்காரர், கல்லூரி மாணவிகள் மாதிரி ரெண்டு பெண்கள், பலசரக்குக் கடை முதலாளி மாதிரி ஒருவர். எல்லோரும் என்னைப் பார்த்து, ரொம்ப நாள் தெரிந்தவர்கள் சிரிக்கிற மாதிரிச் சிரித்தார்கள்.

மேடையில் அவர்கள் முறை வந்தது. பலசரக்குக் கடைக்காரர் மாதிரி இருந்தவர் ஒரு எவர்சில்வர் டிபன் கேரியரை என் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு நகராமல் நின்றார்.

“என்னைத் தெரியாதும்மா உனக்கு. ஞாயித்துக்கிழமை பூத்து வரிசையில இவருக்கு அடுத்து நிக்கிறவன் நான். அந்தப் பூத்துக்குக் கதவு மூடாது. வாராவாரம் இவரு பேசுறது எங்க எல்லாருக்கும் கேக்கும். இவருதான் பேசுவாரு, அந்தப் பக்கத்துலருந்து ஒரு பதிலும் வராது. நாந்தாம்மா சொன்னேன், தம்பி, இது கட்டாயக் கல்யாணமா இருக்கும்போல, கேட்டுருங்கன்னு. நீ ம்னு சொன்னேன்னு இவரு வெளிய வந்து நின்ன மூஞ்சியப் பாத்து, எனக்கு ஒரு வாரம் சோறு எறங்கல. அந்த அடுத்த ஞாயிறு நாங்க யாரும் போன் பேசப் போகல. உன் பதிலக் கேக்கத்தான் போனோம். இவரு காது தாங்காம ரிசீவரத் தள்ளிப் பிடிச்சாரு பாரு, எல்லாருக்கும் கேட்ருச்சு. மன்னிச்சுக்கம்மா.”

நான் திரும்பிப் பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் மாலையில் ஒரு ரோஜாவை ரொம்பக் கவனமாக ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆக, என் பக்கம் ஒரு ஹால் என்றால் அவர் பக்கம் ஒரு வரிசை. நான் பெரியவருக்குப் பயந்து உம் கொட்டினேன். அவர் வரிசைக்குப் பயந்து இட்லி கேட்டார். எங்கள் இருவருக்கும் நடுவில் ரகசியமென்று ஒன்று ஒரு நாளும் இருந்ததில்லை. எனக்கு வயிற்றிலிருந்து சிரிப்புப் பொங்கி வந்தது. போட்டோக்காரர், “அம்மா, லேசா... லேசாச் சிரிங்கம்மா” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

அவர் என் பக்கம் குனிந்து, மெல்லிய குரலில், “கோவமா?” என்றார்.

“ம்,” என்றேன், பழக்கத்தில்.

அவர் உள்ளங்கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். “ஹலோ? ஒண்ணுமே கேக்கலயே!”

மண்டபமே திரும்பிப் பார்க்க, நான் என் தொண்டைக்கு ஏற்ற குரலில், “இல்ல!” என்று கத்தினேன். கீழே ஓசூர் வரிசை மொத்தமும் கை தட்டியது. படபடபடவென்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை எங்கே கேட்டோம் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.